உப்புத் தொட்டிகளின் கணக்கு: கொளத்தூர் கடை ஒன்றில் கடல் மீன்களுக்கு நடந்தது

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஒரு கடையில் 2024 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை நாங்கள் பார்த்ததையும் செய்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். நாங்கள் என்றால் நானும், பத்து வருடமாகக் கடல் மீன் வளர்க்கும் என் நண்பர் ஒருவரும். கடைக்காரரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க தம்பி, கடை பேரு மட்டும் வேணாம்" என்றார். அதனால் கடை, தெரு, ஆட்கள் என எந்த அடையாளமும் இதில் இல்லை.

பின்னணி

கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல். இருபது வருடத்துக்கும் மேலாகத் தங்கமீன், ஃபைட்டர், கப்பி என்று நன்னீர் மீன்கள் விற்றவர். நன்னீரில் அவர் கை ராசியான கை என்று அந்தப் பகுதியில் சொல்வார்கள். அது ராசி மட்டும் இல்லை, நல்ல அனுபவமும்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வெள்ளம் கடைக்குள் ஏறியது. மின்சாரமும் நாட்கணக்கில் இல்லை. காற்று மோட்டார் ஓடாமல் கடையில் இருந்த மீன்களில் பெரும்பாலானவை செத்துப்போயின. அந்த நஷ்டத்தைச் சீக்கிரம் ஈடுகட்ட நினைத்தவரிடம், கடல் மீனில் லாபம் அதிகம் என்று ஒரு மொத்த வியாபாரி சொல்லியிருக்கிறார். ஜனவரியில் இரண்டடி நீளத்தில் ஆறு தொட்டிகள் வைத்தார். ஆறுக்கும் கீழே ஒரே சம்ப் (தண்ணீர் வந்து சேரும் கீழ்த் தொட்டி), ஒரே பம்ப். அதாவது ஆறு தொட்டியிலும் ஓடுவது ஒரே தண்ணீர். ஒரு தொட்டியில் நோய் வந்தால் ஆறிலும் வந்துவிடும். தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள இருபது வயதுகூட ஆகாத ஒரு பையன் இருந்தான்.

முதல் நாள் பார்த்தது

பிப்ரவரி கடைசி சனிக்கிழமை, என் கடல் மீன் தொட்டிக்கு உப்பு வாங்கப் போனபோதுதான் அந்த வரிசையைப் பார்த்தேன்.

முதல் தொட்டியில் ஒரு ப்ளூ டேங், நீல நிறக் கடல் மீன். உடல், துடுப்பு எல்லாம் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். தண்ணீர் விழும் மூலையில் வாயைத் திறந்தபடி நின்று, செவுள்களை வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது தொட்டியில் கல்லுக்குப் பின்னால் ஒரு டேம்சல் மீன் செத்துக் கிடந்தது. கண் வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்தால் அன்று காலையில் செத்ததாகத் தெரியவில்லை. நான்காவதில் ஒரு மேண்டரின் மீன், வயிறு ஒட்டி, முதுகெலும்பு தெரிய இருந்தது. மேண்டரின் நாள் முழுக்கக் கல்லில் ஊரும் நுண்ணிய உயிரிகளைக் கொத்தித் தின்னும் மீன். கல்லே இல்லாத அந்தத் தொட்டியில் அதற்குச் சாப்பாடு என்று எதுவும் இல்லை. கடைசித் தொட்டியில் இருந்த அனிமோன் (பூப்போல் விரியும் கடல் உயிரி) ஊர்ந்து போய்ப் பவர்ஹெட்டில் (தண்ணீரைச் சுழற்றும் சிறு மோட்டார்) மாட்டி, அடிப்பாதம் கிழிந்து, வாய் பிளந்து கிடந்தது.

பையனிடம் ஒரு பாட்டில் தண்ணீர் கேட்டேன். மறுக்காமல் கொடுத்தான். வெப்பத்தை அங்கேயே அளந்தேன், 31 டிகிரி. மற்றதை வீட்டில் பார்த்தேன். உப்படர்த்தி, அதாவது உப்பால் தண்ணீர் நன்னீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற அளவு, 1.017. இயற்கைக் கடல் நீரில் இது ஏறக்குறைய 1.025. மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியா 1 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தொட்டது. அது சுழியாக இருக்க வேண்டும். நைட்ரேட் சோதனையின் நிற அட்டையில் கடைசி நிறத்தையும் தாண்டிய சிவப்பு. பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7.8.

நன்னீர்க்காரர்கள் பலரும் ஏமாறும் இடம் அமோனியா. ஒரே அளவு அமோனியா நன்னீரிலும் கடல் நீரிலும் ஒரே தீங்கைச் செய்வதில்லை. பிஎச் 7 உள்ள தொட்டியில் அதில் பெரும்பகுதி அம்மோனியமாக, அதிகம் கெடுக்காத வடிவில் இருக்கும். பிஎச் ஏற ஏற நச்சு வடிவத்தின் பங்கு கூடும். கடல் தொட்டியில் இருக்க வேண்டிய 8.2-இல் அந்தப் பங்கு பிஎச் 7-இல் இருப்பதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். வெப்பம் அதை இன்னும் கூட்டும். தங்கமீன் தாங்கிக்கொண்ட அளவு இங்கே செவுளை எரித்துவிடும்.

முதல் முடிவு, அதன் விளைவு

அந்த ப்ளூ டேங் மீனை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. 2,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். காப்பாற்றிவிடலாம் என்று உண்மையாகவே நம்பினேன். வீட்டில் தனித் தொட்டியில் விட்டு, உப்பைச் சரிசெய்து, மருந்தும் ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் காலை அது செத்துக் கிடந்தது.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனேன். அதே முதல் தொட்டியில் இரண்டு புதிய ப்ளூ டேங்குகள் இருந்தன. "போன வாரம் வந்ததும் வித்துடுச்சு தம்பி, அதான் இந்தத் தடவை ரெண்டா இறக்கினேன்" என்றார்.

என் இரக்கம் அவர் நோட்டில் ஒரு விற்பனையாக ஏறியிருந்தது. அந்த மீன் எந்த நிலையில் போனது, போன இடத்தில் என்ன ஆனது என்பது அந்த நோட்டுக்குத் தெரியாது. நோயுற்ற மீன் நல்ல விலைக்குப் போகும்போது கடையில் எதையும் மாற்ற எந்தக் காரணமும் இல்லை. நானே அவருக்கு அடுத்த இரண்டு மீன்களை வாங்கிக் கொடுத்ததுபோல் ஆயிற்று.

இன்னொரு விளைவு பத்து நாள் கழித்துத் தெரிந்தது. தனித் தொட்டிக்குப் பயன்படுத்திய வலையை ஈரம் காயாமல் என் பெரிய தொட்டியிலும் போட்டிருக்கிறேன். அங்கிருந்த ஐந்து மீன்களிலும் வெள்ளைப் புள்ளி. இரண்டு இறந்தன. மூன்றை வெளியே எடுத்து மருந்து கொடுத்து, பெரிய தொட்டியை 76 நாள் மீனே இல்லாமல் விட்டேன். இந்த வெள்ளைப் புள்ளியைக் கொண்டுவரும் கிரிப்டோகேரியான் என்கிற ஒட்டுண்ணி மீன் மேல் சில நாள்தான் இருக்கும். பிறகு விழுந்து, கல்லிலும் கண்ணாடியிலும் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூடு வாரக்கணக்கில் காத்திருந்து திறக்கும். அதனால்தான் அவ்வளவு நாள்.

இரண்டாவது முடிவு: யாரிடம் பேசுவது

புகைப்படங்களை எல்லோருக்கும் அனுப்பிக் கடையை அம்பலப்படுத்தலாம் என்பது என் முதல் யோசனை. நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. "பத்துப் பேர் திட்டுவாங்க, அவர் உங்களை உள்ள விடமாட்டார், மீன் அங்கேயேதான் இருக்கும்" என்றார். அவர் சொன்னது சரி.

சட்ட வழியையும் யோசித்தோம். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் மனிதர் அல்லாத எந்த உயிரினத்தையும் விலங்கு என்றே சொல்கிறது, மீனும் அதில் அடங்கும். ஆனால் மீன் கடைகளுக்கென்றே 2017-இல் வந்த தனி விதிகள் அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டன. கடல் குதிரையோ உயிருள்ள கல் பவளமோ விற்பனைக்கு இருந்திருந்தால் பேச்சே இல்லாமல் வனத்துறைக்குப் போயிருப்போம். இரண்டும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. அவை இந்தக் கடையில் இல்லை.

ஆகவே நேரில் பேச முடிவு செய்தோம். சனி, ஞாயிறு கூட்டத்தில் பேசினால் வாடிக்கையாளர் முன்னால் அவருக்கு அவமானம். மார்ச் முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்த நேரத்தில் போனோம். தண்ணீர் சோதனைப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நோட்டுப் புத்தகம்

முதலில் கொஞ்சம் விறைப்பாகத்தான் பேசினார். "கடல் மீனுன்னா நாலஞ்சு போகத்தான் செய்யும், எல்லாக் கடையிலயும் அப்படித்தான்." நண்பர் வாதம் எதுவும் செய்யாமல், "அண்ணே, எத்தனை வாங்கினீங்க, எத்தனை வித்தீங்கன்னு நோட்டு இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. கொள்முதல் ஒரு பக்கம், விற்பனை ஒரு பக்கம், சுத்தமான கையெழுத்தில். சாவுக்கு மட்டும் பக்கம் இல்லை.

ஜனவரியிலிருந்து அன்று வரை ஐந்து பெட்டிகளில் வந்த மீன்கள் 64. விற்றது 27. தொட்டிகளில் எண்ணிப் பார்த்தால் 6. மீதி 31 எங்கே?

இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். பையனைக் கூப்பிட்டு, "இவ்ளோவா போச்சு?" என்றார். அவன் தினமும் காலையில் ஒன்றிரண்டை எடுத்துப் போட்டிருக்கிறான். கேட்டால்தானே சொல்வான், யாரும் கேட்கவில்லை. வாங்கிய விலையில் மட்டும் 11,000 ரூபாய்க்கு மேல் போயிருந்தது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரி, என்ன தப்பு பண்றேன்னு சொல்லுங்க" என்றார்.

கொடுமை செய்ய நினைத்தவர் இல்லை அவர். சாவு ஒவ்வொன்றாக, கடை திறக்கும் முன்பே குப்பைக்குப் போனதால் மொத்தம் என்ன என்பது அவர் கண்ணில் படவே இல்லை. அதற்காகத் தவறு சிறியதாகிவிடாது. மூச்சுக்குத் திணறும் மீன் வாடிக்கையாளர் நிற்கும் இடத்திலிருந்தே தெரிந்தது.

எங்கெல்லாம் பிழை

அன்று இரண்டு மணி நேரம் அவர் வேலை செய்வதைப் பார்த்தோம், கேள்விகள் கேட்டோம்.

தங்கமீனுக்குச் செய்வதுபோல் ஞாயிறுதோறும் பாதித் தண்ணீரை மாற்றி, ஃபில்டர் பஞ்சையும் கற்களையும் குழாய்த் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கற்களில்தான் அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா வாழ்கிறது. குளோரின் கலந்த தண்ணீரில் அலசினால் அது அழிந்துவிடும். புதுத் தொட்டி, அதிலும் வாரம் ஒருமுறை மறுபடி புதுத் தொட்டி.

உப்பைக் குறைத்து வைத்ததற்குச் செலவு ஒரு காரணம். "உப்பு கம்மியா இருந்தா பூச்சி செத்துடும்" என்ற நம்பிக்கை இன்னொன்று. இது பாதி உண்மை. வெள்ளைப் புள்ளியைச் சாகடிக்க உப்படர்த்தி 1.009 வரை இறங்கி, வாரக்கணக்கில் அங்கேயே நிற்க வேண்டும். 1.017-இல் ஒட்டுண்ணிக்கு ஒன்றும் ஆகாது. அனிமோனும் இறாலும்தான் நலியும்.

மிகப் பெரிய பிழை, பெட்டி வந்து இறங்கும் முதல் இரண்டு மணி நேரத்தில் நடந்தது. அதுவும் அக்கறையால் செய்த பிழை. வியாழன் இரவு பெட்டி வரும். ஆக்சிஜன் அடைத்த கவர்களில் மீன்கள் இருபது மணி நேரத்துக்கும் மேல் இருந்திருக்கும். அந்தக் கவருக்குள் மீன் வெளியிட்ட அமோனியா நிறையவே சேர்ந்திருக்கும். ஆனால் மூச்சில் வந்த கரியமில வாயு தண்ணீரின் பிஎச்சை இறக்கிவைத்திருப்பதால் அமோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவிலேயே இருக்கும். கவரைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அதே அமோனியா நஞ்சாகும். கடைக்காரர் கவர்களையெல்லாம் திறந்து வாளியில் கொட்டி, மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை இரண்டு மணி நேரம் விட்டுக்கொண்டிருந்தார். மீன் பழகட்டும் என்று. அந்த இரண்டு மணி நேரமும் அவை நஞ்சில் நின்றன. அதன்பின் போய்ச் சேர்ந்த தொட்டியிலோ உப்பு, வெப்பம் எல்லாமே வேறு.

பக்கத்துக் கடையில் வாங்கி அரை மணி நேரத்தில் வீடு வரும் மீனுக்குச் சொட்டு முறை நல்லது. நெடுந்தூரம் வந்த கவருக்கு அது எமன்.

ஒப்புக்கொண்டவை

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொன்னால் எதுவும் நடக்காது. ஆகவே சாவை உடனே குறைப்பவற்றை முதலில் எடுத்தோம்.

புதுப் பெட்டி கொஞ்ச நாளைக்கு வேண்டாம். மார்ச் 12-இல் அனிமோனையும் இரண்டு இறால்களையும் நண்பர் தன் தொட்டிக்கு எடுத்துச் சென்றார், ஏனென்றால் மீதி மீன்களுக்குத் தாமிர மருந்து போட வேண்டும், தாமிரம் முதுகெலும்பில்லாத உயிர்களைக் கொன்றுவிடும். தாமிரத்தைக் கல் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் தொட்டிகளில் இருந்த சில கற்களை எடுத்துவிட்டு, மீன் ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள் போட்டோம். நாங்கள் எடுத்தது 2.25 பிபிஎம் அளவில் நிறுத்த வேண்டிய வகை மருந்து. தினம் அளந்து 30 நாள். ஃபில்டர் கற்களை இனி தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரில் மட்டுமே அலசுவது. முக்கியமாக, சுவரில் ஒரு கரும்பலகை: வந்தது, விற்றது, செத்தது, உப்பு, அமோனியா. செத்தது என்ற வார்த்தையை எழுத அவர் தயங்கினார், வாடிக்கையாளர் பார்ப்பார்களே என்று. பலகையைப் பின்பக்கம் மாட்டிக்கொண்டார். அது போதும் என்று விட்டோம்.

மேண்டரின் மீன் இதற்குள் இறந்துவிட்டிருந்தது. இனி அதை வாங்குவதில்லை என்று அவரே சொன்னார்.

நடந்தது

அனிமோன் நண்பர் வீட்டில் நான்கு நாள் இருந்தது. அதன் பிறகு கரைய ஆரம்பித்துவிட்டது. இறால்கள் பிழைத்தன.

மூன்றாவது வாரத்தில் புள்ளிகள் திரும்பி வந்தன. பலகையைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: பையன் தண்ணீர் மாற்றியிருக்கிறான், மாற்றிய தண்ணீருக்கு மருந்து சேர்க்கவில்லை. அளவு 1.4-க்கு இறங்கியிருந்தது. அவன் மேல் குற்றமில்லை. எங்கள் குறிப்பில் அந்த வரியே இல்லை. முப்பது நாளையும் முதலிலிருந்து எண்ணினோம்.

ஏப்ரல் கடைசியில், பள்ளி விடுமுறைக் கூட்டம் வருகிறது என்று, எங்களிடம் சொல்லாமல் மலிவாகக் கிடைத்த 18 மீன்களை இறக்கிவிட்டார். சிகிச்சை நடக்கும் அதே தண்ணீரில். ஒரு வாரத்தில் 8 போயின. நண்பர் கோபித்துக்கொண்டு பத்து நாள் கடைப்பக்கமே போகவில்லை. அந்த எட்டும் பலகையில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்ததைப் பார்த்துத்தான் நான் தொடர்ந்து போனேன். மறைக்க நினைப்பவர் எழுதியிருக்க மாட்டார்.

மே மாத வெயிலில் தண்ணீர் 33 டிகிரி வரை போனது. கடல் நீர் நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஆக்சிஜனையே கரைத்து வைக்கும், சூட்டில் இன்னும் குறையும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க அவரிடம் பணமில்லை. சம்பின் மேல் இரண்டு சிறு மின்விசிறிகளைக் கட்டினோம். ஆவியாவதில் மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியது. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரைத்தான் விட வேண்டும் என்பதைப் பையனுக்கு இந்த முறை எழுதியே கொடுத்தோம். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றை அவராகவே வாங்கி வந்தார். டிசம்பர் அனுபவம் மறக்கக்கூடியது இல்லை.

ஜூனில் ஆறு தொட்டிகளை மூன்றாகக் குறைத்தார். பெட்டி வரும் முன்பே மொத்த வியாபாரியிடம் கவர்த் தண்ணீரின் உப்படர்த்தியைக் கேட்டு, ஒரு தனித் தொட்டியை அதே அளவில் தயாராக வைக்க ஆரம்பித்தார். கவரைத் திறக்காமல் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, வெட்டியதும் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுவது, கவர்த் தண்ணீரைக் கொட்டிவிடுவது. பத்து நாள் வைத்திருந்து, வாடிக்கையாளர் முன்னால் அது சாப்பிட்ட பிறகே விற்பது. கடலில் பிடித்த மீன்களைக் குறைத்து, பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்த கோமாளி மீன்களைக் கூட்டினார். கோமாளி மீனை அடைத்து வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிப் பல வருடங்கள் ஆகின்றன. பண்ணைக் குஞ்சுகள் கடைக்கு வந்த முதல் நாளே குருணைத் தீவனம் எடுக்கும், கண்ணாடிச் சுவருக்குப் பழகியவை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பலகைக் கணக்கு: வந்தது 41, விற்றது 30, தொட்டியில் 6, செத்தது 5.

ஆகஸ்டில் பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். புதிதாக வந்தவன் பலகையில் சில நாள் எழுதுகிறான், சில நாள் விட்டுவிடுகிறான். ப்ளூ டேங் கேட்டு வருபவர்களுக்குக் கடைக்காரர் இன்னும் வரவழைத்துக் கொடுக்கிறார். முப்பது செ.மீ. வரை வளரும் மீன் அது, இரண்டடித் தொட்டிக்கு ஆகாது என்று சொல்லிப் பார்த்துவிட்டோம். "நான் கொடுக்கலைன்னா அடுத்த கடையில வாங்குவாங்க" என்கிறார். இதில் எங்களுக்குள் உடன்பாடு வரவில்லை.

மறுபடி இப்படி ஒன்று வந்தால்

நோயுற்ற மீனைப் பணம் கொடுத்து வாங்க மாட்டேன். வலை, வாளி, குழாய் எல்லாம் தனித்தனியாக வைப்பேன். நோட்டுக் கணக்கை முதல் சந்திப்பிலேயே கேட்பேன். பத்து நாள் தாமதித்ததில் இன்னொரு பெட்டி வந்து இறங்கியது. மருந்துக் குறிப்பை வேலை செய்பவர் கையிலேயே கொடுத்து, தண்ணீர் மாற்றும் நாளில் பக்கத்தில் நின்று ஒருமுறை செய்து காட்டுவேன். மொத்த வியாபாரியிடமும் பேச முயன்றிருக்க வேண்டும். அந்தப் பக்கம் நாங்கள் போகவே இல்லை.

பிறகு அந்த அனிமோன். முதல் சனிக்கிழமை அது கிழிந்திருந்தாலும் தொட்டால் சுருங்கியது. மார்ச் 12-இல் நாங்கள் எடுக்கும்போது சுருங்கவில்லை. முதல் சனிக்கிழமை நான் ப்ளூ டேங் மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். சில மாதம் கழித்து இதைக் கடைக்காரரிடம் சொன்னபோது, "அதை யார் தம்பி வாங்கப் போறாங்க, கேட்டிருந்தா அன்னைக்கே சும்மா கொடுத்து அனுப்பியிருப்பேனே" என்றார்.